பூட்டிய மண்டபத்தில் தட்டியது யார்?

பேய், பிசாசு, முனி என்று யாராவது பேச ஆரம்பித்தால் அந்த இடத்தை விட்டு முதலில் எழுந்து போகிறவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதே பார்வையை எத்தனையோ பேர் மேல் நானே வீசியிருக்கிறேன். நான் பூனாகலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அங்கே மலைக்கு ஒரு முனி, ஓடைக்கு ஒரு கதை. விடியற்காலையில் தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் முனியை நேருக்கு நேர் கண்டதாக எங்கள் சித்தப்பா ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். "முனிதான் உங்களக் கண்டு பயந்திருக்கும் சித்தப்பா" என்பேன் நான். கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அடிக்க வருவார்.

என் தொழிலும் அப்படிப்பட்டது. கடைகள், மண்டபங்கள் மாதிரியான கட்டடங்களுக்கு ஓடும் தகரமும் இல்லாமல் தட்டையாகக் கொங்கிரீட் கூரை போட்டிருப்பார்கள் இல்லையா, அந்தக் கூரைகளைப் பார்ப்பதுதான் என் வேலை. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது, வெடித்துப்போன பழைய தார் சீட்டை உரித்துவிட்டுப் புதுச் சீட்டைத் தீயில் இளக்கி ஒட்டுவது, தண்ணீர் வடிகிற குழாயில் அடைப்பு எடுப்பது. பதுளை, பண்டாரவளை, ஹாலிஎல பக்கம் மழைக்கு என்றைக்கும் குறைவில்லை, அதனால் எனக்கு வேலைக்கும் குறைவில்லை. இந்த வேலையில் இருப்பவனுக்குப் பேய் நம்பிக்கை வரவே வராது. கட்டடத்தில் கேட்கிற மர்மச் சத்தங்களில் பாதி கூரையிலிருந்து வருவதுதான்.

பதுளை டவுனில் ஒரு புடவைக்கடை. மாடியில் முதலாளி குடும்பம் இருந்தது. பொழுது சாய்ந்தால் மேலே யாரோ கொலுசு போட்டு நடக்கிறார்கள் என்று வீடே நடுங்கிக்கொண்டிருந்தது. பூசாரி வந்தார், எலுமிச்சம்பழம் வெட்டினார், வாசலில் பூசணிக்காய் கட்டினார், கொலுசு நிற்கவில்லை. நான் வேறு ஒரு ஒழுக்குக்காகப் போய் மேலே ஏறிப் பார்த்தால், சுவர் ஓரத்தில் அடித்திருந்த தகரப் பட்டி ஆணி தளர்ந்து கிடக்கிறது. பகல் வெயிலில் விரிந்த தகரம் சாயங்காலம் குளிர்ந்ததும் சுருங்கி டிக் டிக்கென்று சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். ஆணியை மாற்றிவிட்டு வந்தேன். முதலாளி அம்மா இன்றுவரை பூசாரியைத்தான் கையெடுத்துக் கும்பிடுகிறார். எனக்குப் பால் இல்லாத ஒரு பிளேன்டி கொடுத்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கும் மல்லிகாவுக்கும் கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொல்லி அவள் மனசைப் புண்ணாக்கி வைத்திருந்தார்கள். கடைசியில் கடவுள் கண்ணைத் திறந்து, அந்த வருஷம் அவள் நிறைமாதமாக இருந்தாள். அந்த நேரம் பார்த்து விடாத மழை. ரேடியோவில் மண்சரிவு, மண்சரிவு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மலை சரிந்து லயங்களே புதைந்துபோன கொஸ்லந்த பக்கத்தில் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், மண் சரிந்தால் என்ன ஆகும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்போதுதான் ஹாலிஎலயில் ஒரு மண்டபக்காரர் போன் பண்ணினார். மண்டபம் முழுக்க ஒழுகுகிறது, கல்யாண வீடு வருகிறது, உடனே வா என்று.

"மழை விட்டதும் போங்களேன்" என்றாள் மல்லிகா.

"மழை பெஞ்சு ஈரமா இருக்கப்பதான் ஒழுக்கு தெரியும். காஞ்சதுக்குப் பொறகு எதப் பாக்குறது?"

"எனக்கு ஒழுக்கும் வேணாம் ஒண்ணும் வேணாம். இந்தப் புள்ள அப்பா மொகத்தப் பாக்கணும், அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நல்ல காரியம் நடக்கப் போகிற வீட்டில் இப்படியா பேசுவது என்று சத்தம் போட்டுவிட்டு, குடிக்க வைத்த தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். என் கோபம் அப்படித்தான், மூக்கு நுனியில் இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் இன்றைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்து பேசுவதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

துணைக்குச் செல்வம் வந்தான். செல்வம் மல்லிகாவின் தம்பி, என்னோடு சேர்ந்து வேலை செய்பவன். நாங்கள் போய்ச் சேரும்போது மழை விட்டிருந்தது, ஆனால் வானம் கறுத்துக்கொண்டுதான் நின்றது. போயா நாள், பௌர்ணமி லீவு, கீழே இருந்த கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. மேல் மாடிதான் மண்டபம். வெளிப்படிக்கட்டில் ஏறினால் முதலில் மண்டபத்துக் கதவு வரும், அதைத் தாண்டி இன்னும் ஏறினால் மொட்டைமாடி. மலையை வெட்டி எடுத்த இடத்தில் கட்டிய கட்டடம் அது. கூரையின் முன்பக்கம் ரோட்டைப் பார்த்திருக்கும், பின்பக்கம் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மண்மேடு. அதற்கு மேலே தேயிலை, ஒரு பெரிய சவுக்கு மரம். எங்கள் பக்கத்தில் பாதிக் கட்டடம் இப்படித்தான் நிற்கிறது, யாரைச் சொல்லி என்ன செய்வது.

மரத்திலிருந்து விழுந்த இலை எல்லாம் பின்பக்க மூலையில் குழாயை அடைத்துத் தண்ணீர் குளம் கட்டியிருந்தது. "நான் இதக் கிளியர் பண்றேன், நீ கீழ போயித் தட்டு" என்றேன். செல்வம் தேயிலைக் காட்டில் கொழுந்தெடுக்க ஆரம்பிக்கிற மாதிரி "பொலியோ பொலி" என்று ஒரு கூச்சல் போட்டுவிட்டு இறங்கிப் போனான். எந்த வேலை ஆரம்பித்தாலும் அவனுக்கு அது ஒரு பழக்கம்.

இந்தத் தட்டுவது என்ன என்று சொல்ல வேண்டும். ஒழுக்கு கீழே தெரியும், ஆனால் மேலே எந்த இடம் என்று தெரியாது. கீழே நிற்கிற செல்வத்தைப் போனில் கேட்டால், "இந்தா இங்கதான் மச்சான், இங்கதான்" என்பான், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அதனால் கீழே இருப்பவன் நீள மூங்கில் கழியால் ஈரம் தெரிகிற இடத்தில் தட்டுவான். மேலே இருப்பவன் கொங்கிரீட்டில் காதை வைத்துக் கேட்டு, அந்த இடத்தில் வெண்கட்டியால் ஒரு குறி போட்டுவிட்டு, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவான். கேட்டுவிட்டது, அடுத்த இடத்துக்குப் போ என்று அர்த்தம். இப்படித்தான் பல வருஷமாக நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம்.

நான் பின்மூலையில் குந்தி உட்கார்ந்து இலையை வாரிக்கொண்டிருந்தேன். பனிமூட்டம் மலையிலிருந்து இறங்கி வந்தது. பட்டப்பகல்தான், ஆனாலும் கூரையின் முன்பக்கம் மங்கலாகத்தான் தெரிந்தது. அப்போது என் காலடியில் தட்டு கேட்டது.

சரி, பையன் வேலையை ஆரம்பித்துவிட்டான் என்று வெண்கட்டியை எடுத்து ஒரு பெருக்கல் குறி போட்டேன், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். அடுத்த தட்டு கொஞ்சம் முன்னால் கேட்டது. அங்கே போய் அதே மாதிரி செய்தேன். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம் முன்னால், படிக்கட்டு இருக்கிற பக்கமாக. செல்வம் தட்டினால் கல்யாண வீட்டு மேளம் மாதிரி படபடவென்று இருக்கும், பொறுமை கிடையாது. அன்றைக்கு நிதானமாக, ஒவ்வொரு தட்டாக, நான் வந்து சேரும்வரை காத்திருந்து தட்டின மாதிரி இருந்தது. அக்கா பிள்ளை பெறப் போகிறாள், பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது போல என்று நான் மனசுக்குள் சிரித்தேன். இதுதான் அப்போது நான் நினைத்தது, வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் இடித்தது. தட்டு வந்த இடத்தில் எல்லாம் கொங்கிரீட் நன்றாக இருந்தது. சீட்டில் வெடிப்பு இல்லை, உப்பல் இல்லை, தண்ணீர் தேங்கி நின்ற அடையாளமும் இல்லை. இவன் என்னத்தைப் பார்த்துவிட்டுத் தட்டுகிறான், கண்ணை அடகு வைத்துவிட்டானா என்று எரிச்சல் வந்தது. பாதிக் கூரையைத் தாண்டி வந்திருப்பேன். போதும்டா உன் வேலை, நான் முதலில் அந்தக் குழாயை முடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பின்மூலைக்குத் திரும்பி நடந்தேன். என் பை, சாமான், போன் எல்லாம் அங்கேதான் இருந்தது.

திரும்பி இரண்டு எட்டு வைத்திருப்பேன், தட்டினார்கள் பாருங்கள் ஒரு தட்டு! காதை வைக்கவே தேவையில்லை, கால் வழியாக ஏறித் தலையில் அடித்தது. தொடர்ந்து அடித்தார்கள். கொங்கிரீட்டே உடைந்துவிடும் போல இருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. "டேய், கூரையப் பேத்தெடுக்கப் போறியாடா அறிவுகெட்டவனே!" என்று கத்திக்கொண்டு, அவனை நாலு வார்த்தை கேட்பதற்காகப் படிக்கட்டுப் பக்கம் ஓடினேன். நிஜமாகவே அடிக்கிற ஆத்திரத்தில்தான் ஓடினேன்.

படிக்கட்டு வாசலில் கை வைத்தேன். எனக்குப் பின்னால் லொறி கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தால் பின்பக்கம் இல்லை. மலை கூரைக்கு மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மண், தேயிலைச் செடி, பாறை, எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சவுக்கு மரம் வேரோடு கிடக்கிறது. நான் குந்தியிருந்த மூலையில் என் உயரத்துக்கும் மேலே மண். பை, சாமான், போன் எதுவும் கண்ணில் படவில்லை. கைப்பிடிச்சுவர் போன இடம் தெரியவில்லை. கூரையின் பின்பாதி வெடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. முன்பாதி, நான் குறி போட்டுக்கொண்டு வந்த பாதி, அப்படியே நின்றது. என் மேல் ஒரு சேற்றுத் துளிகூடத் தெறிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

கீழே ரோட்டிலிருந்து செல்வம் "மச்சான்! மச்சான்!" என்று கதறிக்கொண்டு ஓடிவந்தான். என்னைக் கண்டதும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுது முடித்துவிட்டுத்தான் சொன்னான்.

"எங்க அக்காவுக்கு நான் என்னத்தச் சொல்லுவேன்னு ஓடி வந்தேன் மச்சான். மண்டபத்து மொதலாளி தந்த சாவி மாறிப் போச்சு. பூட்டுக்குச் சேரவே இல்ல. உங்களுக்குப் போன்ல கோல் எடுத்தேன், நீங்க தூக்கல. சரி சீக்கிரமா போயிட்டு வந்துருவோம்னு மொதலாளி வீட்டுக்குப் போயி வேற சாவி வாங்கிக்கிட்டு இப்பதான் வாறேன்."

"நீ தட்டலையா?"

"எங்கிட்டுத் தட்ட? நான் உள்ளயே போகலையே!"

நான் எழுந்து படியில் இறங்கி மண்டபத்துக் கதவைப் பார்த்தேன். வெளியே பெரிய பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மூங்கில் கழி, செல்வம் சாத்தி வைத்தபடியே, கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு நின்றது. அந்தக் கழி இல்லாமல் அந்த மண்டபத்துக் கூரை யாருக்கும் எட்டாது. "தொறடா" என்றேன். சேதம் பார்க்கத்தான் சொல்கிறேன் என்று நினைத்து அவன் புதுச் சாவியைப் போட்டுத் திறந்தான். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. பின்பக்க ஜன்னல்கள் உடைந்து சேறு வந்திருந்தது. முன்பக்கத் தரையில் நாள்கணக்காகச் சொட்டின தண்ணீரும் தூசியும் சேர்ந்து படலமாகக் கிடந்தது. அதில் ஒரு கால் தடம் இல்லை. பூனைத் தடம்கூட இல்லை.

பின்னேரமே வீட்டுக்குப் போய்விட்டேன். மல்லிகாவுக்கு அதற்குள் யாரோ சேதி சொல்லிவிட்டார்கள், வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் சத்தம் போட்டுவிட்டுப் போனவன், அவள் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது. நான் வாய்விட்டு அழுதேன், லயமே பார்த்தது, பார்த்துவிட்டுப் போகட்டும்.

பிள்ளை பெண் பிள்ளை, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என் முகத்தைப் பார்க்கிறது மட்டுமில்லை, என் மூக்கைப் பிடித்து ஆட்டுகிறாள், என் கோபத்துக்கு அவள் ஒருத்தி மட்டும்தான் பயப்படுவதில்லை. ஒவ்வொரு நாளும் இது எனக்கு யாரோ போட்ட பிச்சை என்றுதான் நினைக்கிறேன். மல்லிகா வெள்ளிக்கிழமை சாமிக்கு விளக்கு வைக்கும்போது ஓரமாக இன்னொன்று சேர்த்து வைப்பாள். "இது யாருக்கும்மா?" என்று பிள்ளை கேட்டால், "அப்பாவ வீட்டுக்கு அனுப்புனவங்களுக்கு" என்பாள். பேய்க் கதை என்றால் எழுந்து போகிற நான் அந்த விளக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். சிரிக்கிறதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

விசாரிக்காமலும் இல்லை. மண்ணை எல்லாம் அகற்றி, பின்பாதியை இடித்துவிட்டு, மிச்சப் பாதிக்குச் சீட்டு ஒட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். மண்டபக்காரரிடம் மெதுவாக, இங்கே யாராவது செத்திருக்கிறார்களா என்று கேட்டேன். மனுஷனுக்கு வந்ததே கோபம்! "கல்யாண மண்டபத்துல வந்து கேக்குற கேள்வியாய்யா இது? இதக் கட்டி எத்தன வருசமாச்சு, அதுக்கு முன்னுக்கு வெறும் தேயிலதான் இருந்துச்சு" என்றார். கூரையில் நான் போட்ட பெருக்கல் குறிகள் லேசாகத் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே போய்ப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட ஈரம் பட்ட கறை இல்லை. ஒழுகாத இடத்தில் எதற்குத் தட்ட வேண்டும்?

என்னைக் காப்பாற்றத்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். மல்லிகாவும் அதைத்தான் சொல்கிறாள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் சில சமயம் தூக்கம் வராமல் கிடக்கும்போது வேறு ஒரு நினைப்பு வரும். அந்தத் தட்டு பின்மூலையிலிருந்து படிக்கட்டுப் பக்கமாக வந்தது என்று சொன்னேனே, மண்டபத்துக் கதவும் அதே பக்கம்தான். உள்ளே இருந்த யாரோ வெளியே வருவதற்குத்தான் கதவை நோக்கித் தட்டிக்கொண்டே வந்தார்களோ? என்னைக் கூப்பிட்டார்களோ, கதவைத் திற என்று? நான் பாட்டுக்குத் திட்டிக்கொண்டு அந்தத் தட்டுக்குப் பின்னாலேயே போய்ப் பிழைத்தேனோ? இதை மல்லிகாவிடம் சொன்னேன். "எப்படி இருந்தா என்ன, நீங்க வீட்டுக்கு வந்தீங்கல்ல" என்றாள். அவள் சொல்வதும் சரிதான்.

இந்த நினைப்பு சும்மா வரவில்லை. கதவைத் திறந்தோம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன் அல்லவா, அதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சொன்னால் இவ்வளவு நேரம் கேட்ட நீங்கள் எழுந்து போய்விடுவீர்களோ என்று பயம். செல்வம் பூட்டைக் கழற்றினான். கதவில் அவன் கை வைப்பதற்கு முன்னால் அது தானாக எங்கள் பக்கம் திறந்தது. காற்றுத்தான், பின்பக்க ஜன்னல் உடைந்திருந்ததே, அதைச் சொல்ல எனக்குத் தெரியாதா? விஷயம் கதவு இல்லை. கதவு திறந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்றோம். உள்ளேயிருந்து வருகிறவருக்கு வழி விடுகிற மாதிரி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம். அப்புறம்தான் உள்ளே போனோம். தட்டின கதையை நான் அதுவரை செல்வத்திடம் சொல்லவே இல்லை. அப்படி ஒதுங்கி நின்றபோது அவன் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்த இடுப்புச் சாரத்தைக் கீழே இறக்கி விட்டான்.

பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று அவனிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன்டா சாரத்தை இறக்கின என்று.

"பெரியவங்க முன்னால மடிச்சுக் கட்டிக்கிட்டா நிக்கிறது?" என்றான், நான் என்னவோ தெரியாமல் கேட்டுவிட்ட மாதிரி. சொல்லிவிட்டு அவனே திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. எனக்கு ஒரே ஒரு குறை. அவ்வளவு பக்கத்தில் நின்றேன், வழியும் விட்டேன், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.